மாமாவின் கொடிக்கால்

“மாட்டுக்குத் தண்ணி காட்டியாச்சா?” என்று மாமா கேட்டபோது நான் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். கரண்டியோடு திரும்பிப் பார்த்தேன். அடுக்களை வாசலில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, என் பதிலுக்காகக் காத்து நின்றார். எங்கள் வீடு தூத்துக்குடியில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் இரண்டாவது மாடியில் இருக்கிறது. கீழே ஸ்கூட்டர் நிறுத்தவே இடம் போதாது. விளையாட்டாகக் கேட்கிறார் என்று நினைத்துச் சிரிக்கப் போனவள், அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். அவருடைய கண் மெதுவாக அடுப்பை, தண்ணீர் கேனை, ஜன்னல் கம்பியை எல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தது. “இப்ப நான் என்ன கேட்டேன்?” என்றார். “காப்பி கேட்டீங்க மாமா” என்றேன். அவர் நம்பவில்லை என்பது எனக்குத் தெரிந்தது.

மாமா என் வீட்டுக்காரரின் அப்பா. துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். இளவயதில் பழைய துறைமுகத்தில் தோணிகளுக்கு மூட்டை சுமந்து, புதுத் துறைமுகம் வந்ததும் கிரேன் பழகி, ஓய்வு பெறும்வரை அந்த உயரக் கூண்டுக்குள் உட்கார்ந்து கப்பலிலிருந்து சரக்கை இறக்கிக்கொண்டே இருந்தார். அத்தை இறந்த பிறகு எங்களோடு வந்துவிட்டார். காலையில் கடற்கரைச் சாலையில் ஒரு நடை. திரும்பும்போது பையில் சாளையோ நகரையோ இருக்கும். பால்கனியில் பழைய பேப்பரை விரித்து அவரே மீனை ஆய்ந்து தருவார். நான் ஷிப்பிங் ஏஜென்ட் ஆபீஸ் ஒன்றில் வேலை பார்க்கிறேன் என்பதில் அவருக்குத் தனிச் சந்தோஷம். சாயங்காலம் நான் செருப்பைக் கழற்றும்போதே, “இன்னைக்கு என்ன கப்பல்?” என்பார். நான் சொல்வேன். நிலக்கரியா, உரமா, மரத்தடியா என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் எனக்குக் காப்பி குடிக்க நேரம் கிடைக்கும். மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் தூரத்தில் கிரேன்கள் தெரியும். “அந்தா பாரு, அவன் அவசரப்படுதான்” என்று யாரென்றே தெரியாத ஓர் ஆபரேட்டரை அங்கிருந்தே குறை சொல்வார். இப்படிப்பட்ட மனிதர் மாட்டைப் பற்றிக் கேட்டதை நான் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

ஆனால் அது அதோடு நிற்கவில்லை. மாமா ஒரு வெற்றிலைக் கொடிக்காலைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். முதலில் துண்டு துண்டாக, பிறகு நிறுத்தாமல். கொடி படர்வதற்காக வரிசை வரிசையாக அகத்தி நட்டிருக்குமாம். நடுவே ஓடும் கால்வாயில் இறங்கி நின்று, ஆட்கள் ஓலைப்பட்டையால் தண்ணீரை வாரி இரண்டு பக்கமும் வீசுவார்களாம். வெளியே சித்திரை வெயில் கொளுத்தும்போதும் உள்ளே நுழைந்தால் உடம்பு சிலிர்க்குமாம். “உள்ள செருப்புப் போட்டுட்டுப் போவக்கூடாது. அம்மை வாசல்லயே காலைக் கழுவிட்டு, எங்காலையும் கழுவி விடுவா. அவ கையில எப்பவும் வெத்தலக் கறை” என்றார். ஒரு பசு இருந்ததாம். அதற்கு ஒரு கொம்பு மேலே நிமிர்ந்தும் மற்றொன்று கன்னத்தை ஒட்டித் தொங்கியும் இருக்குமாம். கழித்துப் போட்ட அகத்திக் கீரையை அவர்தான் அதற்குக் கொண்டுபோய்ப் போடுவாராம். பெரிய ஆட்கள் போனால் முட்ட வருமாம். அவர் போனால் தலையைத் தாழ்த்திக் கொடுக்குமாம். இதைச் சொல்லும்போது அவர் கை, தொங்கிய கொம்பைப் பிடிப்பதுபோல வளைந்துகொண்டது.

எனக்குக் கேட்க நன்றாகத்தான் இருந்தது. என் வீட்டுக்காரர்தான் சாப்பாட்டுத் தட்டிலிருந்து நிமிர்ந்து, “அப்பா, நம்ம தாத்தா உப்பளத்துலல்லா வேலை பாத்தாங்க?” என்றார். மாமா பேச்சை நிறுத்தினார். “ஆமா” என்றார். “அப்பா உப்பளம்தான்.” “அப்பறம் கொடிக்கால் ஏது?” மாமா சுவரில் மாட்டியிருந்த தன் அம்மாவின் படத்தைப் பார்த்தார். கண்டாங்கிச் சேலையும், பாம்படம் இழுத்து நீண்ட காதுமாக இருக்கும் அந்தப் பாட்டியை நான் நேரில் பார்த்ததில்லை. “இவங்க அம்மா. நான் சொல்லுதது அம்மை” என்றார் மாமா. எங்கள் இருவருக்கும் ஒன்றும் புரியவில்லை. அம்மாவைத்தானே இந்தப் பக்கத்தில் அம்மை என்பார்கள். இரண்டும் ஒன்றுதானே. மாமா அதற்குமேல் விளக்கவில்லை. விளக்கம் அவரிடமே இல்லை என்று தோன்றியது.

மாமாவின் அக்கா உடன்குடியில் மகன் வீட்டில் இருக்கிறார். எண்பதைத் தாண்டியவர். என் வீட்டுக்காரர் கூப்பிட்டுப் பழகியபடி நானும் அவரைப் பெரியத்தை என்றே கூப்பிடுவேன். அவருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்துக் கேட்டோம். “தோட்டமா? எங்களுக்கு ஏதுல தோட்டம்? வீட்டைச் சுத்தி உப்புல்லா கெடந்துது. அம்மா ஒரு முருங்கைக் கம்பு நட்டுப் பாத்தா. அதுகூடப் புடிக்கல. கனா கண்டுருப்பான். சின்னதுலயே அவனுக்கு அப்படித்தான்” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். மாமா பக்கத்து நாற்காலியில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனோம். அவர் நல்ல மனிதர். பொறுமையாகப் பேசினார். கிழமை, மாதம், பேரப்பிள்ளைகளின் பெயர் என்று கேட்ட எல்லாவற்றுக்கும் மாமா சரியாகப் பதில் சொன்னார். கொடிக்காலைப் பற்றிச் சொன்னபோது டாக்டர் தலையாட்டிக்கொண்டார். வயதான காலத்தில் எங்கோ கேட்டதும் பார்த்ததும் சொந்த நினைவு மாதிரியே வந்து உட்கார்ந்துகொள்ளும், அதற்காகப் பயப்பட வேண்டாம், அவரோடு தர்க்கம் பண்ணவும் வேண்டாம் என்றார். எங்களுக்குச் சொன்ன ஆறுதல்தான் அது. ஆனால் ஆட்டோவில் வரும்போது மாமா, “அப்ப மனசுக்குள்ள இருக்கதுல எது நடந்தது, எது நடக்காதது?” என்று கேட்டார். இந்தக் கேள்வியை நாங்கள் டாக்டரிடமே கேட்டிருக்கலாம். எங்களுக்குத் தோன்றவில்லை.

அதன் பிறகு மாமா கொடிக்காலைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டார். அதோடு மற்றதைப் பேசுவதையும் விட்டுவிட்டார். ஒரு நாள் சாயங்காலம் நான் வீட்டுக்குள் நுழைகிறேன், கப்பலைப் பற்றிக் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, தயங்கித் தயங்கி, “ஏளா, நான் கிரேன் ஓட்டுனது நெசந்தானே?” என்றார். அவர் ஓய்வு பெற்ற நாளில் மாலை போட்டு எடுத்த போட்டோவைக் கொண்டுவந்து காட்டினேன். கூடவே நின்றவர்களை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். “இது நாந்தான். சரி” என்று திருப்பிக் கொடுத்தார். இன்னொரு நாள், “ஒங்க அத்தையும் நானும் சண்ட போட்டுப் பேசாம இருந்தோமே, அது?” என்றார். அதை நான் எந்தப் போட்டோவை வைத்து நிரூபிக்க? வழி மறந்து போகுமோ என்று பயந்து காலை நடையையும் நிறுத்திவிட்டார். மீன் வருவது நின்றுபோனது. ஒரே ஒரு நினைவு பொய் என்று சொன்னோம். அவர் மற்ற எல்லாவற்றையும் சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டார்.

எனக்கு ஒன்று மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. பெரியத்தை எதற்கும் இழுத்து இழுத்துப் பேசுகிறவர். ஒரு பண்டிகைக்கு என்ன செய்தாய் என்று கேட்டால் மாவு அரைத்ததிலிருந்து தொடங்குவார். அன்றைக்கு எங்கள் கேள்வி முடியும் முன்பே பதில் வந்துவிட்டது. தம்பிக்கு என்ன செய்கிறது என்றுகூடக் கேட்கவில்லை. ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டு, வீட்டில் ஒரு காரணம் சொல்லிவிட்டு, நான் தனியாக உடன்குடிக்குப் பஸ் ஏறினேன்.

பெரியத்தை கட்டிலில் சாய்ந்திருந்தார். மாமா கிரேன் ஓட்டியது நிஜமா என்று கேட்டதை நான் சொன்னேன். அதை மட்டும்தான் சொன்னேன். அவர் சேலைத் தலைப்பை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். அழுகிறாரா என்றுகூடத் தெரியவில்லை. பிறகு தலைப்பை விலக்கி, “அது கனா இல்லளா” என்றார்.

அவர் சொன்னது இதுதான். மாமா தத்தித் தத்தி நடக்கிற வயதில் அவர்களுடைய அப்பா மார்ச்சளி முற்றிப் படுத்துவிட்டார். அம்மா வயிற்றில் இன்னொரு பிள்ளை. ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து தூத்துக்குடிக் கடைகளுக்கு வெற்றிலை கொண்டுவந்து போடும் ஒருவர் அந்தக் குடும்பத்துக்குப் பழக்கம். அவருக்கும் அவர் சம்சாரத்துக்கும் பிள்ளை கிடையாது. அவர்கள் மாமாவைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கொஞ்ச நாளைக்கு என்று சொன்னார்களா, எப்போதைக்குமாகவா என்பது பெரியத்தைக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற வயது வரைக்கும் மாமா அங்கேதான் வளர்ந்தார். அந்தச் சமயத்தில்தான் இங்கே மூத்த அண்ணன் வைசூரியில் இறந்துபோனான்.

“அம்மா ஒரே புடியா நின்னா. எம்புள்ள எனக்கு வேணும்னு போயித் தூக்கிட்டு வந்துட்டா. வரும்போதே அவனுக்கு நல்ல காய்ச்சல். அம்மையப் பாக்கணும், அம்மைட்டப் போவணும்னு ஒரே அழுகை. எங்க வீட்டுல யாரும் அம்மைன்னு கூப்புட மாட்டோம், அம்மான்னுதான். அம்மா சொன்னா, நீ எங்கயும் போகலல, இங்கனதான் கெடந்த, காய்ச்சல்ல கனா கண்டுருக்கன்னு. அக்கம்பக்கம் எல்லாரையும் அப்படியே சொல்லச் சொன்னா. எங்கிட்டயும் தலையில அடிச்சுச் சத்தியம் வாங்குனா. அவன் எங்கிட்ட வந்து, எக்கா, கொம்பு தொங்குன பசு இருந்துச்சுல்லான்னு கேப்பான். இல்லலன்னு சொல்லுவேன். சொல்லிச் சொல்லி, ஒரு நாளு கேக்குறத விட்டுட்டான்.”

திரும்பி வந்து என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று அவருக்கே தெரியவில்லை. “இந்த வயசுல அவர்ட்டப் போயி, ஒங்கம்மா ஒங்கள ஏமாத்திட்டாங்கன்னு சொல்லவா? அவருக்கு அம்மான்னா உசுரு” என்றார். அதுவும் சரிதான். சொல்லாவிட்டால் மாமா தன் மூளை கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டே இருப்பார். சொன்னால் அந்தப் படத்தில் இருக்கிறவர் கெட்டுப்போவார். எது நல்லது என்று எங்களால் முடிவு பண்ண முடியவில்லை. கடைசியில் பெரியத்தையே முடிவு பண்ணிவிட்டார். மகனைக் கூட்டிக்கொண்டு கார் பிடித்து, இரண்டு மாடியையும் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறி, மூச்சு வாங்க வந்து தம்பியின் முன்னால் உட்கார்ந்தார்.

“ஏலே, அந்தப் பசு இருந்துச்சுல” என்றார்.

மாமா அவரையே பார்த்தார். பெரியத்தை எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். மாமா அழுவார் என்று நான் எதிர்பார்த்தேன், இல்லையென்றால் சத்தம் போடுவார் என்று. இரண்டும் நடக்கவில்லை. “அப்ப அம்மா யாரு?” என்றார். “அம்மா அம்மாதாம்ல. பெத்தவ” என்றார் பெரியத்தை. “அப்ப அம்மை?” என்று கேட்டுவிட்டு மாமா எழுந்து பால்கனிக்குப் போய் நின்றார். அன்று பூராவும் அங்கேயே இருந்தார். மறுநாள் காலையில் மீன் பையை எடுத்துக்கொண்டு நடக்கப் போனார். எனக்கு அது போதும்போல இருந்தது. ஆனால் சுவரில் இருந்த படத்தை அவர் நிமிர்ந்து பார்க்காமல் நடந்துபோனதையும் கவனித்தேன்.

சில வாரங்கள் கழித்து அவரே கேட்டார், “ஆத்தூர் எம்புட்டுத் தூரம்?” அவருக்குத் தெரியாத தூரமா? திருச்செந்தூர் கோயிலுக்குப் போகிற வழிதானே. எத்தனையோ தடவை அங்கே இருக்கும் ஆற்றுப் பாலத்தைத் தாண்டி, வாழைத் தோட்டங்களைப் பார்த்துக்கொண்டு எங்களோடு போயிருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காரில் கிளம்பினோம். பழையகாயல் வரைக்கும் இரண்டு பக்கமும் உப்பளம். அதன் பிறகு ஆறு வந்தது. ஆற்றைத் தாண்டியதும் பச்சை. கண்ணாடியை இறக்கிவிட்டு மாமா மூக்கை வெளியே நீட்டிக்கொண்டு வந்தார்.

பெரியத்தை சொன்ன ஊர் மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. முக்கால்வாசி வாழையாக மாறியிருந்தாலும் நடுநடுவே கொடிக்கால் நின்றது. அம்மன் கோயிலுக்கு எதிரே இருந்த டீக்கடையில், முன்பு தூத்துக்குடிக்கு வெற்றிலை கொண்டுபோனவர் வீடு என்று விசாரித்தோம். “அவங்க ரெண்டு பேரும் போயி வருசமாச்சே. மகன் இருக்காவ” என்று சொன்ன கடைக்காரர் ஒரு பெயரையும் சொன்னார். அது மாமாவின் பெயர். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மாமா, “நாந்தான்” என்றார். கடைக்காரர் குழம்பிப்போய், “இல்ல அண்ணாச்சி, அவரு அந்தா கொடிக்கால்ல நிக்காரு” என்று கையைக் காட்டினார்.

வந்தவர் மாமாவைவிடச் சில வயது இளையவர். சேறு காய்ந்த கால். நாங்கள் யார் என்று என் வீட்டுக்காரர் சொல்லச் சொல்ல, அவர் மாமாவின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மாமா போன பிறகு அந்தத் தம்பதி தங்கள் சொந்தத்தில் ஒரு பிள்ளையைத் தத்து எடுத்து, அதே பெயரை வைத்து வளர்த்திருக்கிறார்கள். “எனக்கு மூத்தது ஒண்ணு இருந்துச்சு, காய்ச்சல்ல போயிட்டுன்னுல்லா அம்மை சொல்லுவா” என்றார் அவர். “ஆடி அமாவாசைக்கு ஒங்களுக்குன்னு தனியா ஒரு இலை போடுவா. அவ போன பெறவு நானும் போட்டுக்கிட்டுதான் இருக்கேன்.”

பிள்ளையைத் தேடி அம்மை வந்துவிடக் கூடாது என்று, மாமாவின் அம்மாதான் அவன் காய்ச்சலில் போய்விட்டதாகச் சொல்லி அனுப்பினாரா? இல்லை, உயிரோடு இருக்கிற பிள்ளையை விட்டுக்கொடுத்தேன் என்று சொல்ல வாய் வராமல் அந்த அம்மை தானாகவே அப்படிச் சொல்லிக்கொண்டாரா? பிறகு நான் பெரியத்தையிடம் கேட்டேன். தெரியாது என்றார். தெரிந்தவர்கள் யாரும் இல்லை. ஒரு வீட்டில் மாமா கண்டது கனவாகிப்போனது. இன்னொரு வீட்டில் மாமாவே செத்துப்போயிருந்தார். இதற்கு நடுவில்தான் அவர் கல்யாணம் பண்ணி, பிள்ளை பெற்று, கப்பல் கப்பலாகச் சரக்கு இறக்கியிருக்கிறார்.

மாமா அந்த மனிதரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். “கொம்பு தொங்குன பசு ஒண்ணு இருந்துச்சா?” அவர் யோசித்தார். “நான் பாக்கல. ஆனா அப்படி ஒண்ணப் பத்தி அம்மை சொல்லுவா. யாரையும் கிட்ட அண்ட விடாதாம்” என்றார். மாமா தலையை ஆட்டினார். வாசலில் இருந்த தொட்டியில் காலைக் கழுவிவிட்டுக் கொடிக்காலுக்குள் போனார். நாங்கள் வெளியே நின்றோம்.

அந்த வருடம் ஆடி அமாவாசைக்கு முந்தின நாள் மாமாவின் பெயரைக் கொண்ட அந்த ஆத்தூர்க்காரர் போன் பண்ணினார். “அண்ணாச்சி, நாளைக்கு இங்கன வாரீங்களா?” என்று மட்டும் கேட்டார். எதற்கு என்று சொல்லவில்லை. மாமா காலையில் வழக்கம்போல எங்கள் வீட்டில் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் அத்தைக்கும் படைத்தார். படத்தின் முன்னால் வெகுநேரம் நின்று, பல மாதங்களுக்குப் பிறகு அதை நிமிர்ந்து பார்த்தார். காக்கைக்குச் சோறு வைத்துவிட்டு, தான் சாப்பிடாமல் காரில் ஏறிக்கொண்டார்.

அங்கே போனபோது படையல் போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த வீட்டு அப்பாவுக்கு ஓர் இலை, அம்மைக்கு ஓர் இலை. அந்த வீட்டுப் பெண் பழக்கத்தில் மூன்றாவதாக ஒரு வாழையிலையை விரித்து, தண்ணீர் தெளித்து, சோற்றை வைத்துவிட்டு நிமிர்ந்தார். அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கரண்டியோடு அப்படியே நின்றார். அவர் புருஷன் அந்த இலையை எடுக்கக் குனிந்தார், பிறகு எடுக்கலாமா கூடாதா என்று தெரியாமல் கையை இழுத்துக்கொண்டார். கற்பூரம் காட்டி முடிந்தும் எல்லோரும் அந்த இலையையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

மாமா போய் அதன் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். “பசிக்கு. கொழம்ப ஊத்துளா” என்றார். அந்தப் பெண் ஊற்றினார். மாமா நிதானமாகச் சாப்பிட்டார். வாழைக்காய்ப் பொரியலை இன்னொரு தடவை கேட்டு வாங்கினார். ரசம், மோர், பாயசம், எதையும் விடவில்லை. ஒரு பருக்கை மிச்சமில்லாமல் வழித்துச் சாப்பிட்டுவிட்டு இலையை மடிக்கக் கையை வைத்தவர், அப்படியே நிறுத்தினார்.

நல்ல காரியத்தில் சாப்பிட்டால் இலையை நம் பக்கமாக மடிக்க வேண்டும். இழவு வீட்டில் என்றால் எதிர்ப்பக்கமாக. மாமா இலையின் இரண்டு ஓரத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, “ஏளா, எந்தப் பக்கம் மடிக்க?” என்றார். எனக்குத் தெரியவில்லை. என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவருக்கும் தெரியவில்லை. அந்த ஆத்தூர்க்காரர்தான் வந்து குனிந்து, மடிக்காமலே அந்த இலையை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டு போனார்.